இரண்டாவது பிரேக்

ஜனவரி 6

அன்புள்ள மின்னலுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் சுகம், வண்டியும் சுகம். அங்கே உன் முதுகு எப்படி இருக்கிறது? பல் டாக்டரம்மா சுகமா?

போன முறை நாம் போனில் பேசியது பேச்சே இல்லை. "ஆளை ஏத்திக் கொல்ற விளையாட்டுல ஒரு வேலை, அதுக்கு ஒரு பெருமை வேற" என்று நான் சொன்னேன். நீ பட்டென்று வைத்துவிட்டாய். ஏழு மாதம் ஓடிவிட்டது. உனக்கும் ரோஷம், எனக்கும் ரோஷம். ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். உன் வீட்டுக்காரிதான் போன வாரம் கூப்பிட்டு, "வாயால பேசினா உங்க ரெண்டு பேருக்கும் ஒத்து வராது, கையால பேசிப் பாருங்க" என்றாள். பல் பிடுங்குகிறவள், எங்கே பிடித்தால் வரும் என்று அவளுக்குத் தெரியும்.

விஷயம் இதுதான். கார் ஓட்டி ஆளை இடிக்கிற வீடியோ கேம்களை என்ன செய்வது என்று விசாரிக்க அரசு ஒரு குழு போட்டிருக்கிறதே, அதிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர்கள் எல்லாரும் ஜூன் மாதத்துக்குள் கருத்து எழுத வேண்டுமாம். பார்க்காமலே திட்டுவது எனக்குப் பழக்கம்தான். அரசாங்கத்துக்கு எழுதும்போதாவது பார்த்துவிட்டுத் திட்டலாம் என்று நினைக்கிறேன். நீ அங்கே என்னதான் செய்கிறாய், ஒளிக்காமல் எழுது.

இங்கே புதிதாக ஒரு பெண் என்னிடம் படிக்கிறாள். மருந்துக்கடையில் வேலை, இருபத்துமூன்று வயது. வாயில் நுழையாத மாத்திரைப் பெயரெல்லாம் தலைகீழாகச் சொல்வாள். கிளட்ச் எது, பிரேக் எது என்றால் மட்டும் யோசிப்பாள். எனக்கு அதில் பயமில்லை. என் பக்கம்தான் இரண்டாவது பிரேக் இருக்கிறதே. இருபத்திரண்டு வருஷத்தில், வண்டி ஓடினாலும் நின்றாலும், என் வலது காலை அதைவிட்டு எடுத்ததில்லை. பஸ்ஸில் போகும்போதுகூட அந்தக் கால் தரையை அழுத்திக்கொண்டுதான் இருக்கும்.

இதை எங்கள் தெருத் தபால்காரம்மாவிடம் கொடுத்தனுப்புகிறேன். "டீச்சருக்குக்கூட எழுத ஆள் இருக்கா?" என்று சிரிக்கிறார். பதில் போடு. சட்டைப் பட்டன் போட அரைமணி நேரம் எடுத்ததால்தான் உனக்கு மின்னல் என்று பேர் வந்தது. அந்த வேகத்தில் போடாதே.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்கா

*

ஜனவரி 19

அன்புள்ள பிரேக் அக்காவுக்கு,

மின்னல் எழுதுவது. இருவரும் நலம். முதுகு இருக்கிறது, ஆகவே வலியும் இருக்கிறது. உன் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ நோட்டில் சிவப்பு மை போட்டுத் திருத்திக் கொடுத்த மாதிரி ஒரு நடுக்கம். ஆனாலும் சந்தோஷம்.

எங்கள் ஆட்டத்தின் பெயரை நம் பாஷையில் சொன்னால் 'கண்மண் தெரியாமல்' என்று வரும். அறுபது பேர் வேலை செய்கிறோம். கார் செய்கிறவர்களுக்கு மாடியில் ஜன்னலோரம் இடம். நாங்கள் ஆறு பேர் கீழே, தண்ணீர்க் குழாய் ஓடுகிற சுவரோரம். எங்கள் பிரிவுக்கு 'நடப்பவர்கள்' என்று பேர். தெருவில் போகிற ஆட்கள் எல்லாம் எங்கள் கைவேலை. குடை பிடித்த அம்மா, நாயோடு போகிறவர், இரண்டு கையிலும் பை தூக்கியவர். கார் வந்தால் இவர்கள் எப்படித் துள்ளி ஒதுங்குவார்கள் என்பதுதான் என் வேலை. நாற்பத்தொரு விதமான துள்ளல் செய்திருக்கிறேன்.

இடித்தால் பத்துப் புள்ளி. வயதானவர் என்றால் இருபது. இது மேலே இருப்பவர்கள் முடிவு செய்தது, நான் இல்லை. நான் செய்வது அவர்கள் தப்பிப்பதை. நூற்றுக்கு எழுபது பேர் தப்புகிறார்கள் என்றால் அது என் சாமர்த்தியம். இதை நீ போனில் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

சீட்டாடுகிறவன் தினமும் ராஜாவை வெட்டுகிறான். அவன் அரண்மனைக்குக் கத்தியோடு போகிறானா? விளையாட்டு விளையாட்டுதான் அக்கா. குழு தடை போட்டால் ஆட்டத்தை இழுத்து மூட வேண்டியதுதான். முதலில் வீட்டுக்குப் போவது குழாயோரம் இருக்கிற ஆறு பேர். எனக்கு நாற்பது வயது. துள்ளி ஒதுங்குவதைத் தவிர வேறு ஒன்றும் செய்யத் தெரியாது.

ஒரு தடவை விளையாடிப் பார். பிறகு திட்டு.

அவள் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். வண்டியையும்தான்.

மின்னல்

*

பிப்ரவரி 3

அன்புள்ள மின்னலுக்கு,

அக்கா எழுதுவது. நானும் வண்டியும் சுகம். முதுகுக்குச் சுவரோரம் தரையில் படுத்துப் பார்.

விளையாடிவிட்டேன். கேம் வாங்கக்கூட வேண்டியிருக்கவில்லை. மருந்துக்கடைப் பெண்ணிடம் சொன்னேன், "அதுவா டீச்சர், அதுலதான் நான் வீட்ல பழகறேன்" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஞாயிற்றுக்கிழமை அவள் அறைக்கே போய் உட்கார்ந்தேன்.

வயதானவருக்கு இருபது புள்ளி என்பதைப் பார்த்தேன். பெரியவர்களுக்கு இரண்டு பங்கு மரியாதை, அப்படித்தானே? நம் பேச்சில் செல்வாக்குள்ள ஆளைத்தான் பெரிய புள்ளி என்போம். உங்கள் தெருவில் எல்லாரும் புள்ளிதான். என்ன, அடிபட்டால்தான்.

நான் ஓட்டுகிற மாதிரிதான் ஓட்டினேன். முப்பதில் போனேன். சிவப்பு விளக்கில் நின்றேன். பின்னால் இருந்த கார்கள் எல்லாம் ஹாரன் அடித்தன. போகட்டும், அது நிஜத்திலும் உண்டு. ஒரு கடக்கும் கோட்டில் உன் குடை அம்மா நின்றார். நானும் நிறுத்தினேன். அவர் நின்றார். நான் காத்திருந்தேன், அவரும் காத்திருந்தார். மருந்துக்கடைப் பெண் டீ போட்டுக் கொண்டுவந்தாள், குடித்து முடித்தேன், டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்து பார்த்தேன். அவர் இன்னும் நிற்கிறார். "அவங்க கடக்க மாட்டாங்க டீச்சர், குதிக்க மட்டும்தான் தெரியும்" என்றாள் அந்தப் பெண்.

எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. கொல்வதற்குப் புள்ளி கொடுத்ததைக்கூட விடு. நின்று வழிவிடுகிறவன் ஒருத்தன் இருப்பான் என்று உங்கள் அறுபது பேரில் ஒருவருக்குமா தோன்றவில்லை? நாற்பத்தொரு விதமாகக் குதிக்கச் சொல்லிக்கொடுத்தாயே, தெருவைக் கடக்க ஒரு விதம் சொல்லிக்கொடுக்கக் கூடாதா?

குழுவுக்கு இன்னும் எழுதவில்லை. உனக்கு ஒரு வாய்ப்புத் தருகிறேன். இருவரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்கா

*

பிப்ரவரி 17

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். தரையில் படுத்தேன், எழுந்திருக்கத்தான் ஆள் வேண்டியிருந்தது.

உன் கடிதத்தை மாடிக்குக் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினேன். டம்ளர் கழுவிய இடத்தில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கடைசியில் எங்கள் தலைவர், "நிக்கறவன் எதுக்குய்யா இந்த ஆட்டத்தை வாங்கப் போறான்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் நீ கேட்டது மண்டைக்குள்ளேயே நிற்கிறது.

சாப்பாட்டு நேரத்தில் நானே அதைச் செய்துகொண்டிருக்கிறேன். கார் நின்றால் குடை அம்மா பார்க்க வேண்டும், ஒரு எட்டு வைக்க வேண்டும், கடக்க வேண்டும், கையைத் தூக்க வேண்டும். வரமாட்டேன் என்கிறது. பார்த்தால் பொம்மை நடக்கிற மாதிரி இருக்கிறது. நீ இருபத்திரண்டு வருஷமாக ஆட்களுக்கு வழிவிடுகிறாய். நிஜத்தில் எப்படிக் கடப்பார்கள்? எழுது.

தாள் தீர்ந்துவிட்டது. உண்மையில் நான் எழுத உட்கார்ந்தது இதற்கில்லை. மறு தாளில் விஷயத்துக்கு வருகிறேன்.

(இரண்டாம் தாள்)

அக்கா, அவள் உண்டாகியிருக்கிறாள். மூன்று மாதம் முடிந்துவிட்டது. ஆகஸ்ட் கடைசி என்கிறார் டாக்டர்.

ஒன்பது வருஷத்தில் மூன்று தடவை கைக்கு வந்து நழுவிப்போனது உனக்குத் தெரியும். அதனால் இந்த முறை ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. அவள் அம்மாவுக்குக்கூடத் தெரியாது. உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன். அவள் தன் நோயாளிகளிடமெல்லாம் வாயைத் திற, பயப்படாதே என்கிறாள். வீட்டுக்கு வந்தால் மாடிப்படி இறங்கப் பயப்படுகிறாள். உன்னிடமிருந்து ஒரு வரி வந்தால் தைரியமாக இருக்கும் என்று அவளே சொன்னாள். "உங்க அக்கா பக்கத்துல இருந்தா பிரேக் இருக்கற மாதிரி" என்றாள்.

ஆகஸ்டில் நீ வந்து இருக்க வேண்டும். எங்களுக்குப் பெரியவர் என்று நீ ஒருத்திதான். (நீ வந்தால் இருபது புள்ளி.)

உடனே பதில் போடு.

மின்னல்

*

மார்ச் 31

அன்புள்ள மின்னலுக்கு,

நான் சுகம். பதில் தாமதம். எங்கள் தெருவுக்குத் தபாலில் புது ஆள் வந்திருக்கிறார், கடிதங்களைப் பக்கத்து வீட்டுப் படிக்கட்டில் வைத்துவிட்டுப் போகிறார். ஆனால் தாமதத்துக்கு அவர் காரணம் இல்லை. நான்தான் எழுதவில்லை.

எப்படிக் கடப்பார்கள் என்று கேட்டிருந்தாய். வண்டியைப் பார்க்க மாட்டார்கள். உள்ளே இருக்கிற முகத்தைப் பார்ப்பார்கள். தெரிந்த முகமாக இருந்தால் அதைக்கூடப் பார்க்க மாட்டார்கள். வேறு எதையோ நினைத்துக்கொண்டு அவர்கள் பாட்டுக்கு இறங்கிப் போவார்கள். இதை உன் ஆட்டத்தில் எப்படிச் செய்வாய் என்று எனக்குத் தெரியவில்லை.

வண்டி ஓரிடத்தில் நிற்கிறது. கொஞ்ச நாளாக வகுப்பு இல்லை. குழுவுக்கு இன்னும் எழுதவில்லை.

இருவர் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்கா

*

ஏப்ரல் 12

அக்காவுக்கு,

நலம். 'இருவர் உடம்பையும்' என்று எழுதியிருந்தாய். அவள் அந்த வார்த்தையை இரண்டு தடவை படித்துவிட்டுக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டாள்.

பேப்பரில் பார்த்திருப்பாய். பிப்ரவரி கடைசியில் உங்கள் ஊர்ப் பக்கம் ஒரு பயிற்சி வண்டி, கடக்கும் கோட்டில் ஒரு அம்மாவை இடித்துவிட்டதாம். ஓட்டிய பெண்ணை விசாரித்தபோது, வீட்டில் ஆட்டத்தில் பழகினேன் என்று சொல்லியிருக்கிறாள். எங்கள் ஆட்டம். அவ்வளவுதான், 'விளையாட்டில் பழகிய கால்' என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டார்கள். ஊர் பேரும் ஆள் பேரும் மட்டும் சரியாகப் போடவில்லை. வயது வரம்பு போதும் என்று சொல்லிக்கொண்டிருந்த குழு, இப்போது முழுத்தடை என்று பேசுகிறது. ஜூன் பதினெட்டு விசாரணை. மாடியில் ஆட்கள் இப்போதே வேறு வேலை தேடுகிறார்கள்.

எனக்கு ஒன்று புரியவில்லை. பயிற்சி வண்டி என்றால் இரண்டாவது பிரேக் உண்டு. அதன்மேல் ஒரு கால் இருக்க வேண்டும். அந்தக் கால் எங்கே போயிற்று? ஆட்டத்தைக் கேட்கிறார்கள், அந்தப் பெண்ணைக் கேட்கிறார்கள், பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆளை யாரும் கேட்கவில்லை. நல்லவேளை, உன் மருந்துக்கடைப் பெண் உன்னிடம் படிக்கிறாள். உன் வண்டியில் இது நடந்திருக்காது.

இதைத்தான் நீ குழுவுக்கு எழுத வேண்டும். நான் எழுதினால் தன் பிழைப்புக்கு எழுதுகிறான் என்பார்கள். நீ எழுதினால் கேட்பார்கள்.

இன்னொரு விஷயம் எழுதியிருந்தேன். அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உன் இஷ்டம்.

மின்னல்

*

ஏப்ரல் 29

அன்புள்ள மின்னலுக்கு,

சுகம். அந்தப் பயிற்சியாளரை எனக்குத் தெரியும். காலைப் பற்றி நீ கேட்டது சரியான கேள்வி. அதற்கு அந்த ஆள்தான் பதில் சொல்ல வேண்டும். என்னால் இப்போது எழுத முடியவில்லை.

அடிபட்ட அம்மாவுக்கு வலது காலில் இரண்டு இடத்தில் முறிவு. கம்பி வைத்திருக்கிறார்கள். நடப்பார் என்கிறார்கள்.

உன் இன்னொரு விஷயத்துக்கு நான் பதில் சொல்லாமல் இருப்பது எனக்குத் தெரியும். காரணம் நீ நினைப்பது இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

மே 13

அக்காவுக்கு,

நான் என்ன நினைக்கிறேன் என்று உனக்கு எப்படித் தெரியும்? சொல்கிறேன், கேள். மூன்றாவது தடவை போனபோது, "போதும்டா, அவளைப் போட்டு அலைக்கழிக்காதே" என்று நீ சொன்னாய். அந்தச் சொல்லை மீறிவிட்டோம் என்று உனக்குக் கோபம். அப்படித்தான் நினைக்கிறேன். அவளும் அப்படித்தான் நினைக்கிறாள். வாயால் சொல்ல மாட்டாள்.

அது கிடக்கட்டும். அந்தப் பயிற்சியாளரைத் தெரியும், ஆனால் எழுத மாட்டாய். யார் அந்த ஆள்? தொழில்காரர்கள் எல்லாரும் ஒன்று என்று மூடி மறைக்கிறாயா? தம்பியை விட அந்த ஆள் பெரிதா? எங்கள் ஆறு பேரை விடு. அந்தப் பெண்ணை நினைத்துப் பார். இருபது இருபத்தைந்து வயது இருக்குமா? தன் கால்தான் ஒரு அம்மாவின் காலை உடைத்தது என்று வாழ்நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருக்கும். உண்மை தெரிந்த ஒரு ஆள் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும்.

இனி எழுத மாட்டேன் என்று முடிக்கத்தான் நினைத்தேன். அவள்தான் வேண்டாம் என்றாள்.

மின்னல்

*

ஜூன் 2

அன்புள்ள மின்னலுக்கு,

அக்கா எழுதுவது. சுகம் என்று மூன்று மாதமாக எழுதியது பொய். மூன்று தாள் எழுதப் போகிறேன். மூன்றும் வந்ததா என்று முதலில் எண்ணிப் பார்த்துவிட்டுப் படி.

அந்தப் பயிற்சியாளர் நான்தான். அந்த வண்டி என் வண்டி. ஓட்டியது மருந்துக்கடைப் பெண்.

பிப்ரவரி இருபத்தைந்து, காலை பத்து மணி. தபால் நிலையத்துக்குப் பக்கத்துக் கடக்கும் கோட்டில் வண்டி நின்றது. அந்தப் பெண் ஒழுங்காகத்தான் நிறுத்தினாள். தபால்காரம்மா எங்களைப் பார்த்துவிட்டு ஜன்னலோரம் வந்து, "தம்பி லெட்டர் டீச்சர், கனமா இருக்கு" என்று உன் பிப்ரவரிக் கடிதத்தைக் கையில் கொடுத்தார். நான் அங்கேயே பிரித்தேன். வண்டிதான் நிற்கிறதே என்று கால்மேல் கால் போட்டுக்கொண்டு படித்தேன். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை. டம்ளர் கழுவியதற்கு எல்லாரும் சிரித்தார்கள் என்ற இடத்தில் நானும் சிரித்தேன். முதல் தாளை முடித்தேன். அதற்குள் தபால்காரம்மா வண்டிக்கு முன்னால் இறங்கிவிட்டார். பின்னால் ஒருவன் விடாமல் ஹாரன் அடித்தான். இவள் பதறிப்போய்க் கிளட்சை விட்டுவிட்டாள். வண்டி ஒரே தாவு. நான் காலை இறக்கித் தேடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

போலீசில், "பிரேக் அழுத்தினேன், பிடிக்கவில்லை" என்று சொன்னேன். வாயில் அதுதான் வந்தது. வந்த பிறகு அதையே பிடித்துக்கொண்டேன். சோதித்துப் பார்க்க வண்டியைக் கொண்டுபோனார்கள். பிரேக் நன்றாக இருக்கிறது என்று வந்தது. அப்போதாவது மறுபடி என்னைக் கேட்பார்கள் என்று பயந்துகொண்டிருந்தேன். கேட்கவில்லை. அதற்குள் அந்தப் பெண் கேமைப் பற்றி ஏதோ சொல்லியிருந்தாள், எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள். நான் தப்பித்தேன் என்று நினைத்தேன். இதைத்தான் ஒளித்தேன்.

உன் முதல் தாள் என் கையோடு வந்தது. இரண்டாவது தாள் வண்டிக்குள் விழுந்துவிட்டது. வண்டி காவல் நிலையத்தில். மறு தாளில் விஷயம் என்று நீ எழுதியிருந்ததைப் படித்திருந்தேன். என்ன விஷயம் என்று உன்னைக் கேட்டால், ஏன் உன்னிடம் இல்லை என்பாய். வண்டியில் என்றால், வண்டி எங்கே என்பாய். ஆகவே கேட்கவில்லை. ஒரு பொய்யைக் காப்பாற்ற இவ்வளவு வேலை.

மே மாதக் கடைசியில் இரண்டு காரியம் நடந்தது. உன் கடிதம் வந்தது, வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஆளைப் பற்றி. மறுநாள் தபால்காரம்மாவைப் பார்க்கப் போனேன். அதுவரை மூன்று தடவை பழம் வாங்கிக்கொண்டு போய், ஏதோ பேசிவிட்டு வந்திருக்கிறேன். இந்தத் தடவை கேட்டேன், வண்டியைப் பார்க்காமலா இறங்கினீர்கள் என்று. அவர் சிரித்தார்.

"எதுக்குப் பாக்கணும்? உள்ள டீச்சர் இருக்காங்கன்னுதானே இறங்கினேன்."

அந்த இடத்திலேயே சொல்லிவிட்டேன். அவர் என்னைத் திட்டவில்லை. "அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார். அங்கிருந்து நேரே மருந்துக்கடைக்குப் போனேன். அவள் மூன்று மாதமாகக் காலில் செருப்பு மாட்டும்போதெல்லாம் கிளட்சை விட்ட இடது காலைப் பார்ப்பாளாம். நான் சொன்னதும் அழவில்லை. "போயிடுங்க டீச்சர்" என்றாள். வந்துவிட்டேன். பிறகு போலீசுக்குப் போய் முதலில் சொன்னது பொய் என்று எழுதிக் கொடுத்தேன்.

குழுவுக்கும் எழுதிவிட்டேன், நகல் வைத்திருக்கிறேன். உனக்குச் சாதகமாக எழுதினேன் என்று நினைக்காதே. ஆளை இடித்தால் புள்ளி என்பது அசிங்கம், அதை எடுக்க வேண்டும், பிள்ளைகள் கையில் கொடுக்கக் கூடாது என்றுதான் எழுதியிருக்கிறேன். ஆனால் பிப்ரவரி இருபத்தைந்தை அதன் தலையில் போடாதீர்கள், அந்தக் கால் என்னுடையது என்றும் எழுதியிருக்கிறேன்.

நேற்று வண்டியைத் திருப்பிக் கொடுத்தார்கள். மிதியடிக்குக் கீழே உன் இரண்டாவது தாள் இருந்தது. ஒரு செருப்புத் தடம், மற்றபடி நன்றாக இருந்தது. உன் மே மாதக் கடிதத்திலேயே பாதி ஊகித்திருந்தேன். ஆனாலும் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து படித்தேன். மின்னல், நான் வாய்விட்டு அழுதேன். உனக்கு முதலில் எழுதுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். மூன்று மாதம் அது என் மிதியடிக்குக் கீழே கிடந்திருக்கிறது. அவளிடம் சொல், கோபமும் இல்லை ஒன்றும் இல்லை. அலையாதீர்கள் என்று அன்றைக்குச் சொன்னது அவள் உடம்பு தாங்காதே என்ற பயத்தில். இன்றைக்கு எனக்கு இருக்கிற ஒரே சந்தோஷம் இதுதான். மாடிப்படியை மெதுவாக இறங்கச் சொல், கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளச் சொல்.

நான் வரலாமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் பிரேக் இருக்கிற மாதிரி என்று இனி அவள் நினைக்க முடியாது.

மூவர் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்கா

*

ஜூன் 27

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று தாளும் வந்தன. மூவரும் நலம்.

முதல் நாள் எனக்கு வந்த கோபத்தில் இந்தக் கடிதத்தை எழுதியிருந்தால் தபால்பெட்டியே எரிந்திருக்கும். பிறகு, நீ படித்துக்கொண்டிருந்தது என் கடிதம் என்பது உறைத்தது. அதற்கப்புறம் அந்தக் கோபத்துக்கு உட்கார இடமில்லை. நின்றுகொண்டே இருக்கிறது. போகும், நேரமாகும்.

விசாரணைக்குப் போயிருந்தேன். நீ எழுதியதை ஒரு அதிகாரி வாசித்தார். 'அந்தக் கால் என்னுடையது' என்ற வரியை வாசித்துவிட்டுத் தண்ணீர் குடித்தார். நான் உன் தம்பி என்று அங்கே யாருக்கும் தெரியாது. சொல்லவும் இல்லை. அதற்கு வெட்கப்படுகிறேன்.

முழுத்தடை இல்லை. பதினெட்டு வயதுக்குக் கீழ் விற்கக் கூடாது; மனிதரை இடித்தால் புள்ளி தரக் கூடாது. எங்கள் தலைவர் முதல் தடவையாக மாடியிலிருந்து கீழே இறங்கி வந்து, "அந்த நிக்கற சமாசாரம் ஒண்ணு பண்ணிட்டிருந்தீங்களே, எங்க அது?" என்றார். ஆறு பேரில் இரண்டு பேரை அனுப்பிவிட்டார்கள். நான் இருக்கிறேன். குடை அம்மா இப்போது கடக்கிறார். நீ எழுதியபடி, காருக்கு உள்ளே பார்த்துவிட்டுக் கடக்கிறார். பொம்மை மாதிரி இல்லை.

உன் கடைசி வரியை அவளிடம் படித்துக் காட்டினேன். "மூவர்னு எழுதிட்டாங்கல்ல, போதும். பிரேக்கு இல்லாட்டி என்ன, ஆள் வரட்டும்" என்றாள். ஆகஸ்ட் பத்துக்குள் வா. உன்மேல் என்ன நடவடிக்கை என்று எழுது.

மின்னல்

*

ஆகஸ்ட் 6

அன்புள்ள மின்னலுக்கு,

அக்கா எழுதுவது. சுகம். இது நிஜம்.

நாளைக்கு ரயில். இந்தக் கடிதத்துக்கு முன்னால் நான் வந்துவிடுவேன் என்று நினைக்கிறேன். ஆனாலும் சில விஷயம் எனக்கு வாயால் வராது, அதனால் எழுதுகிறேன்.

பயிற்சி உரிமம் போய்விட்டது. இனிக் கிடையாது. ஓட்டும் உரிமத்தை இரண்டு வருஷத்துக்கு நிறுத்திவைத்திருக்கிறார்கள். பொய் சொன்னதற்குத் தனி வழக்கு, அது நடக்கிறது. வண்டியில் இரண்டாவது பிரேக்கைக் கழற்றிவிட்டார்கள். மருந்துக்கடைப் பெண் வேறு இடத்தில் படித்து முதல் தடவையிலேயே தேறிவிட்டாள். அவளாகவே ஒரு நாள் வந்து, "வண்டி சும்மாதானே நிக்குது, சாவியைக் குடுங்க, எங்க போகணும் சொல்லுங்க" என்றாள். மன்னித்துவிட்டாள் என்று சொல்ல மாட்டேன். என்னோடு அதிகம் பேசுவதில்லை. ஆனால் என்னைவிட நன்றாக ஓட்டுகிறாள்.

இன்று காலை டிக்கெட் வாங்கப் போனோம். தபால் நிலையத்துக் கோட்டில் தபால்காரம்மா நின்றார். இந்த வாரம்தான் வேலைக்குத் திரும்பியிருக்கிறார், கையில் தடி. இவள் தூரத்திலேயே பார்த்துவிட்டு அழகாக நிறுத்தினாள். நான் தரையில் இல்லாத பிரேக்கை அழுத்திக்கொண்டிருந்தேன். அவர் எங்களைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். அப்படியே நின்றார்.

நாங்களும் நின்றோம். பின்னால் ஹாரன். இவள் இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து மேலே தூக்கிக் காட்டினாள். அவர் நகரவில்லை. உன் குடை அம்மா நின்ற மாதிரியே நின்றார். அன்றைக்கு எனக்கு அது வேடிக்கையாக இருந்தது, உனக்குப் பக்கம் பக்கமாகக் கிண்டல் எழுதினேன்.

நான் கதவைத் திறந்து இறங்கிப் போனேன். "வண்டி நிக்குதும்மா, போங்க" என்றேன்.

"நிக்குது, தெரியுது. கால் வரல டீச்சர்" என்றார்.

தோளிலிருந்த பையை வாங்கிக்கொண்டேன். என் கையைப் பிடிக்கவில்லை. நான் வண்டிக்கும் அவருக்கும் நடுவில் நடந்தேன். அவர் என் பக்கம் பார்க்காமல், தடியை ஊன்றி ஊன்றி வந்தார். பாதித் தெருவில் ஒருமுறை நின்றார், நானும் நின்றேன். அந்தப் பக்கம் ஏறியதும் பையைத் திருப்பி வாங்கிக்கொண்டு, உள்ளே கைவிட்டுத் தேடி, "உங்களுக்கு ஒண்ணும் இல்ல இன்னிக்கு" என்றார். இதை நாளைக் காலை அவரிடம்தான் கொடுத்தனுப்பப் போகிறேன். வாங்கிக்கொள்வார் என்று நினைக்கிறேன்.

உன் ஆள் கடந்துவிட்டார் என்று எழுதியிருந்தாய். என் ஆள் இன்றைக்கு ஒரு தடவை கடந்தார்.

மூவர் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். மொத்தம் இரண்டு தாள். எண்ணிப் பார்த்துக்கொள்.

அக்கா